‘கடவுள் இல்லை’ என்பார் கருத்து – ஓர் ஆய்வு



திண்டிவனத்தில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு யாம் நடத்திவரும் அறநெறி வகுப்பில், ஒன்பதாம் வகுப்பு பயிலும் சிறுமியொருத்தி சென்ற மழைக்காலத்தில் ஒரு வினா எழுப்பினாள். “பாட்டி, நாம் நாத்திகர்களா? என்னோடு படிக்கும் பெண், ‘உங்கள் மதத்தில் கடவுளே கிடையாதாமே’ என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை” என்றாள். அவள் குரலில் ஒரு நாணம் இருந்தது. தவறு செய்து பிடிபட்டவள் போல நின்றாள். அடுத்த வாரம் விடை கூறுவதாகச் சொல்லி அனுப்பினோம். ஒரு வாரத்தில் கூறி முடிக்கத்தக்க விடையாக அது அமையவில்லை. ஆதலின் இக்கட்டுரையை எழுதலானோம்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். ‘நாத்திகன்’ என்னும் சொல் இக்காலத்தில் கடவுளை மறுப்பவனைக் குறிக்கின்றது. பண்டு அப்படியன்று. பாணினியின் வடமொழி இலக்கணத்திற்கு உரை கண்டோர், மறுமை உண்டு என்பவனை ஆத்திகன் என்றும், இல்லை என்பவனை நாத்திகன் என்றும் பிரித்தனர். மனுநூலோ வேதத்தை நிந்திப்பவனை நாத்திகன் என்றது. வேள்வியே உயர்ந்ததெனக் கொண்ட மீமாம்சகர், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டென்பதை ஏற்கவில்லை. பழைய சாங்கியரும் அவ்வாறே. எனினும் அவர்களை எவரும் நாத்திகர் என்று தள்ளவில்லை. வேதத்தை ஏற்றமையே காரணம். உயிர், இருவினை, மறுபிறப்பு, வீடுபேறு ஆகிய அனைத்தையும் ஏற்றுக்கொண்ட நாமோ வேதத்தை ஏலாமையால் அப்பெயர் பெற்றோம். ஒருவரை நாத்திகர் என்பதற்கு முன், எதனை இல்லை என்கிறார் என்று கேட்டல் வேண்டும். இது எம் வகுப்பின் முதற்பாடம்.

நம் சமயம் எதனை இல்லை என்கிறது? படைப்போன் ஒருவனை இல்லை என்கிறது. உயிர், புற்கலம், தன்மம், அதன்மம், ஆகாயம், காலம் என்னும் ஆறு பொருள்களும் தோற்றமும் முடிவும் இல்லாதன. அவை இடையறாது மாறுகின்றன. ஆனால் இல்லாமையிலிருந்து தோன்றுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜினசேனாசாரியர் தம் மகாபுராணத்தின் நான்காம் பருவத்தில் இதனை வினாக்களாக அடுக்கிக் காட்டுகின்றார். குயவன் பானை செய்ய மண் வேண்டும். உலகம் செய்தவனுக்கு மண் எங்கிருந்து வந்தது? அம்மண்ணையும் அவனே செய்தானெனில், அதனை எதிலிருந்து செய்தான்? கருணையால் படைத்தானெனில் துன்புறும் உயிர்களை ஏன் படைத்தான்? விளையாட்டாகப் படைத்தானெனில் அது அறிவுடையோன் செயலாகுமா? அவரவர் வினைக்கேற்பப் படைத்தானெனில் வினையே போதுமே, இடையில் அவன் எதற்கு? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வினாக்கள் பழையனவாகவில்லை. மேலைநாட்டுத் தருக்கவாதிகள் பிற்காலத்தில் கேட்டவற்றுள் பலவும் இவையே.

‘அப்படியாயின் கோயிலில் யாரைத் தொழுகிறோம்?’ என்று பிள்ளைகள் உடனே கேட்பர், கேட்கவும் வேண்டும். வினைகளை வென்று முற்றறிவு பெற்ற அருகரையும் சித்தரையும் தொழுகிறோம். அவர்கள் விருப்பு வெறுப்பற்ற வீதராகர்கள். நம் விண்ணப்பத்தைக் கேட்டு மகிழார். கேளாது விட்டோமென்று சினவார். பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் ‘இதனை எனக்குத் தா’ என்னும் சொல் ஒன்றேனும் உண்டா? அவர்தம் குணங்களை நாம் எய்தும்பொருட்டே வணக்கம்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்துநால்வர் திருவுருவங்களும் செதுக்கப்பட்டுள்ளமையை வாசகர் பலரும் கண்டிருப்பீர். அங்கேயே, சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ளது. அவ்வைம்பத்தேழு நாளும் அப்பெருந்தகை எவரிடம் அருளை வேண்டினார்? எவரிடமும் வேண்டவில்லை. தம் வினையைத் தாமே உதிர்த்துக்கொண்டிருந்தார். மாணவியரை அழைத்துச் சென்றபோதெல்லாம் அக்கல்வெட்டின் முன் சிறிது நேரம் பேசாதிருக்கச் சொல்வது எம் வழக்கம்.

உண்மையை மறைப்பானேன்? பரீட்சை முடிவு வரும் நாளிலும் மகள் திருமணம் தள்ளிப்போகும் காலத்திலும் நம் இல்லத்துப் பெண்டிர் பதுமாவதி அம்மனிடமும் தருமதேவியிடமும் வேண்டிக்கொள்ளவே செய்கின்றனர். யாமும் வேண்டியதுண்டு. கொள்கை ஒருபுறமிருக்க, கலங்கிய மனம் ஒரு கையைத் தேடுகிறது. இதனை ஒப்புக்கொண்டால்தான் பிறர் மனத்தையும் நம்மால் அறிய இயலும்.

படைத்தவனை மறுப்பது ஒன்று. உயிரையே மறுப்பது மற்றொன்று. ஐம்பூதச் சேர்க்கையே உணர்வு, உடல் அழியின் எல்லாம் அழியும் என்னும் பூதவாதிகளை நம் முன்னோர் கடுமையாக எதிர்த்தனர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசியின் பத்தாம் சருக்கம் பூதவாதச் சருக்கமே. அங்கு நீலகேசி தருக்கத்தோடு நில்லாமல், தன் பண்டைப் பேயுருவைக் காட்டிப் பூதவாதியை நடுங்கச் செய்கிறாள். காவியச் சுவைக்கு அது பொருந்தலாம். ஆசிரியப் பயிற்சி பெற்ற எமக்கு அப்பகுதி என்றும் உவப்பாயிருந்ததில்லை. நடுங்கியவன் ஒப்புக்கொள்வான், அறிந்துகொண்டான் என்பதற்கு என்ன சான்று? இதனைக் கூறும் தகுதி எமக்கு எவ்வளவு உண்டென்பதைப் பின்னே காண்பீர்.

இனி, அறிவாராய்ச்சியால் அன்றி இழிவுபட்டமையால் கடவுளை மறுத்தோரைக் காண்போம். நம் நாட்டில் 1878இல் தொடங்கிய சென்னை லௌகிக சங்கத்தாரும் அவர்தம் ‘தத்துவ விவேசினி’ இதழும் இவ்வழியில் முன்னோடிகள் எனலாம். பின்னர் வந்த பெரியார் ஈ.வெ.ரா. (1879–1973) பக்தி மிகுந்த வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1924இல் வைக்கத்தில் அவர் போராடியது கோயிலுக்குள் நுழைவதற்குக்கூட அன்று; கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடப்பதற்கு! தெருவில் நடப்பதையே ஒரு கடவுளின் பெயரால் தடுப்பாராயின், நடக்கவொட்டாமல் தடுக்கப்பட்டவன் அக்கடவுளைப் பற்றி என்ன நினைப்பான்? இங்கு மறுப்பின் வேர் தருக்கநூலில் இல்லை, தெருமுனையில் இருந்தது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியாரோ வள்ளலாரிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அவர் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. ஒருவர் கடவுளை மறுத்தவர், மற்றவர் வணங்கியவர். இருவர் கண்ணிலும் பட்ட அநீதி ஒன்றே. நம்புவோன் நல்லவன், நம்பாதவன் கெட்டவன் என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எம் வட்டத்து வரலாறே அதற்கு இடந்தரவில்லை.

எண்ணிக்கையையும் சிறிது கூறுவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சமயம் குறிப்பிடாதோர் ஏறத்தாழ 28.7 இலட்சம் பேர். தம்மை நாத்திகர் என்றே எழுதுவித்தவர் ஏறத்தாழ 33,000 பேர்தாம். வாயால் மறுப்பவர் பலராயினும் ஏட்டில் மறுப்பவர் சிலரே.

மூன்றாவதாக, துயரத்தால் மறுப்போர். 1755 நவம்பர் முதல் நாள், கிறித்தவர்கள் புனிதர் அனைவரையும் நினைந்து ஆலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில், போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தது. தொழுதுகொண்டிருந்தவர் மீதே ஆலயம் இடிந்து விழுந்தமையால் ஐரோப்பிய அறிஞர் பலரின் நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. நமக்கு அத்தகைய நாள் 2004 டிசம்பர் 26. மரக்காணம் கடற்கரைக் குப்பங்களுக்குத் துணிமணி கொண்டு சென்றவர்களுள் யாமும் இருந்தோம். மகனை இழந்த தாயொருத்தி, “சாமின்னு ஒண்ணு இருந்தா இதைப் பாத்துக்கிட்டா இருக்கும்?” என்று கேட்டாள். எம்முடன் வந்த நம்மவர் ஒருவர், ஆறுதல் கூறுவதாக எண்ணி, “எல்லாம் அவரவர் வினைப்பயனம்மா” என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படைத்தவனை மறுத்துவிட்டமையால் இவ்வினாவிலிருந்து தப்பித்துக்கொண்டோம் என்று நாம் கருதலாகாது. வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தானே ஆராய்வதற்கு வைத்த கண்ணாடி. அடுத்தவர் வீட்டுப் பிணத்தின் முன் அதனைத் தூக்கிப் பிடிப்பது கொடுமையாகும்.

இதனை நன்குணரும் வாய்ப்பு எமக்கு இளமையிலேயே வந்தது, அன்று தவறவிட்டோம். ஆசிரியப் பயிற்சி முடித்துத் திண்டிவனம் வட்டத்துப் பள்ளியொன்றில் யாம் பணியேற்ற மூன்றாம் ஆண்டு, 1974. காலை வழிபாட்டில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கை கூப்பாமல் நின்றான். காரணம் கேட்டோம். “சாமி இல்லை டீச்சர்” என்றான். அவ்வளவுதான். அவன் தங்கை பாம்பு தீண்டி இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதுவும் எமக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஒழுங்கு கெடும் என்னும் அச்சத்தால், மூன்று நாள் வழிபாட்டு நேரத்தில் அவனைத் தனியே வெயிலில் நிறுத்தினோம்.

மூன்றாம் நாள் மாலை இதனை எம் தந்தையாரிடம் சற்றுப் பெருமையாகவே கூறினோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏனம்மா, உலகத்தைப் படைத்த சாமி ஒன்று இருக்கிறது என்று நம் வீட்டில் உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். யாம் வாய் திறக்கவில்லை. “அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் நம் ஆசாரியர்கள் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களையும் வெயிலில் நிறுத்துவாயா?” என்று மேலும் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

மறுநாள் அவனை வரிசைக்குள் அழைத்துக்கொண்டோம். ஏன் அழைத்தோம் என்று கூறவில்லை. ஆசிரியை தவறு செய்தாள் என்று பிள்ளைகள் முன் சொல்ல அக்காலத்தில் எமக்குத் துணிவில்லை.

சிறுமிக்கு அடுத்த ஞாயிறன்று இவ்வாறு விடையளித்தோம்: “உன் தோழியிடம் சொல். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டென்று நாங்கள் கொள்வதில்லை. உயிர் உண்டு, வினை உண்டு, வினையை வென்றவர் உண்டு என்று கொள்கிறோம். நீ எப்படிக் கொள்கிறாய் என்று அவளிடமும் கேள்.” பிறகு அம்மாணவன் கதையையும் மறையாது கூறினோம். “அந்த அண்ணனை அப்புறம் பார்த்தீர்களா பாட்டி?” என்றாள்.

பார்த்தோம். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2010இல், விழுப்புரம் இரயில் சந்திப்பில் தஞ்சை வண்டிக்காகக் காத்திருந்தபோது, நரை தொடங்கிய ஒருவர் வந்து, “டீச்சர், என்னைத் தெரிகிறதா?” என்றார். பேசியபின் தெரிந்தது. இரயில்வேயில் பணியாற்றுவதாகக் கூறினார். முப்பத்தாறு ஆண்டு மனத்தில் கிடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தந்தையார் கேட்ட கேள்வியையும் சொன்னோம். அவர் சிரித்தார். மனைவியையும் மக்களையும் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்திற்கு மயிலம் முருகன் கோயிலுக்கு அழைத்துச் செல்வதாகவும், தாம் மட்டும் உள்ளே செல்லாமல் வெளியே அவர்தம் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகவும் கூறினார். வண்டி வந்ததும் எம் பையை ஏற்றி வைத்துவிட்டு, சன்னலருகே வந்து, “வெயில் எனக்குப் பெரிதாகப் படவில்லை டீச்சர். நீங்கள் கூப்பிட்டதும் நான் உள்ளே வந்தேன் இல்லையா, சாமி இருக்கிறது என்று நான் ஒத்துக்கொண்டதாகப் பிள்ளைகள் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பா சொன்னதை அன்றைக்கே வகுப்பில் சொல்லியிருக்கலாம்” என்றார்.