பிளேன்டீச் செலவில் பயனர் ஆய்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட ஊர்களில், கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளமும் ஆப்பும் செய்துகொடுக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். திருக்கோவில் பக்கம் வினாயகபுரத்தில் இருந்துகொண்டே கொழும்புக்கு வேலை செய்யலாம் என்ற காலம் இது. கோட் எழுதுவதில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால், "இதைப் பாவிக்கப்போற ஆக்களைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மறுமொழிதான்: "அதுக்கெல்லாம் எங்க காசு?" காசுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. தடுப்பவை சில நம்பிக்கைகள்.

"பயனர் ஆய்வு பெரிய கம்பனிகளின் வேலை."

1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் இடையே குரற்செய்தி கொண்டுசேர்க்கும் தொலைபேசிச் சேவையை ஐபிஎம் அமைத்தது. ஜோன் கூல்ட் குழுவினர், எதை அமுக்கினால் என்ன கேட்கும் என்பதை முதலில் தாளில் எழுதி ஆட்களுக்குக் காட்டினார்கள். பிறகு மாதிரியொன்றை அலுவலக நடைபாதையில் வைத்துப் போவோர் வருவோரின் கருத்தைக் கேட்டார்கள். ஐபிஎம் ஏழைக் கம்பனி அல்ல. ஆனால் அது பிடித்த வழி ஏழைக்கும் கட்டுப்படியாகும். 1989இல் ஜேக்கப் நீல்சன் இதே போக்கில் ஒரு மலிவு முறையை முன்வைத்தார்: எளிய மாதிரி, சில ஆட்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவைத்துக் கேட்பது. நமக்கு ஆகும் செலவு தாள், பென்சில், பஸ் காசு, பிளேன்டீ. ஒரு மணித்தியாலம் ஒதுக்கியவருக்கு ஒரு டேட்டா ரீலோட் போட்டுவிடுவது முறை; அதையும் கணக்கில் சேருங்கள்.

"ஐந்து பேர் போதும், விஞ்ஞானமே சொல்லிவிட்டது."

பாதி உண்மை. ஒருவரை உட்காரவைத்தால் சராசரியாக 31 வீதமான குறைகள் வெளிப்படும் என்ற கணக்கை நீல்சனும் தோமஸ் லண்டவரும் 1993இல் வெளியிட்டார்கள். அதன்படி ஐந்து பேரில் ஏறத்தாழ 85 வீதம் தெரிந்துவிட வேண்டும். 2003இல் லோரா ஃபோக்னர் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்தைந்து பேராகப் பிரித்துப் பார்த்தார். சராசரி ஏறக்குறைய அதேதான். ஆனால் சில ஐந்து பேர் குழுக்களுக்கு 55 வீதம்தான் அகப்பட்டது. ஆகவே எந்த ஐந்து பேர் என்பதுதான் கேள்வி. உங்களோடு ஒரே பேட்ச்சில் படித்த ஐந்து பேர், கணக்கில் ஒரே ஆள். வினாயகபுரத்தில் வயலுக்குப் போகும் மாமி, அக்கரைப்பற்றுக் கடைக்காரர், மருதமுனையில் கைத்தறிச் சேலை விற்பவர் என்று வேறுவேறு ஆக்களாகத் தேடுங்கள். பதினைந்து பேரை ஒரேயடியாகப் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, அடுத்த ஐந்து பேரிடம் போவது நல்லது என்று நீல்சனே சொல்லியிருக்கிறார். அந்தப் பாதியை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

"'பிடிச்சிருக்கா?' என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்."

எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை இதுதான். வீடு தேடி வந்த பிள்ளை தான் செய்ததைக் காட்டும்போது, நம் பகுதியில் எந்த மனிதர் குறை சொல்வார்? "நல்லாத்தான் இருக்கு தம்பி, தேத்தண்ணி குடியுங்க" என்பார். அது உபசாரம், தகவல் அல்ல. நிக்கோலா டெல் குழுவினர் பெங்களூரில் 450 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்காட்டியது. காட்டிய இரண்டும் ஒன்றேயானாலும், கேள்வி கேட்பவர் செய்தது என்று நம்பிய பொருளை ஆட்கள் இரண்டரை மடங்கு அதிகமாக விரும்பினார்கள். கேட்டவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு!

மும்பையில் பணியாற்றிய அபலா லஹிரி சவான் இதற்கு ஒரு குறும்பான வழி கண்டார். விமானச் சீட்டுப் பதியும் தளத்தைச் சோதிக்க வந்தவரிடம், உங்கள் மருமகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளையோ கூலிக் கொலைகாரன், ஏற்கெனவே மணமானவன், உடனே பறந்துபோய்த் தடுக்க வேண்டும் என்று சினிமாக் கதை சொன்னார். கதைக்குள் போனவர்கள் மரியாதையை மறந்து தளத்தைத் திட்டத் தொடங்கினார்கள். நம் ஆட்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். சீரியல் பார்க்காத வீடு ஏது?

கதை சொல்ல வராதவர்கள் மூன்றைக் கடைப்பிடித்தால் போதும். நீங்கள் செய்தது என்று சொல்லாதீர்கள். "பாவிப்பீங்களா?" என்று வருங்காலத்தைக் கேட்காமல், "கடைசியா ஆருக்குக் காசு அனுப்பினீங்க, எப்படி அனுப்பினீங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். விரல் தடுமாறும்போது வாய் திறக்காதீர்கள். மூன்றாவதுதான் கஷ்டம்: பொத்தானைக் காட்டிக்கொடுக்க நமக்கு நா துடிக்கும். இன்னொன்று, சாய்ந்தமருதில் வீட்டோடு இருக்கும் ராத்தாவிடம் ஓர் இளந்தாரி தனியே போய்ப் பேச முடியாது. குழுவில் ஒரு பெண்பிள்ளையும் இல்லையென்றால் பாதி ஊரின் அனுபவம் உங்களுக்குக் கிடைக்காது.

"கூகுள் ஃபோமை வட்ஸ்அப்பில் போட்டால் முடிந்தது."

கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன் ஏசியா நிறுவனம் இந்தோனேசியாவில் நடத்திய கணக்கெடுப்பில், இணையம் பாவிப்பதில்லை என்றவர்கள் பலர். குழுக்களாக உட்காரவைத்துப் பேசியபோது அதே தரத்து மக்கள் பேஸ்புக்கைப் பற்றி ஆர்வமாகக் கதைத்தார்கள். படிவம் மட்டும் போயிருந்தால் பிழையான முடிவோடு வந்திருப்பார்கள். மேலும், படிவம் நிரப்பத் திணறுகிறவர்தான் நீங்கள் பார்க்க வேண்டியவர். அவர் உங்கள் ஃபோமை நிரப்பப்போவதில்லை.

"போன் யார் கையிலோ அவரே பயனர்."

நம் ஊரில் இணைய விண்ணப்பங்களைப் பலருக்கு நிரப்பிக்கொடுப்பவர் போட்டோக்கொப்பிக் கடைத் தம்பி. அவர் பக்கத்தில் ஒரு பின்னேரம் உட்காருங்கள். 2016க்கு முந்திய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், பிந்தியதில் பன்னிரண்டு இலக்கம். இலக்கம் மட்டும் ஏற்கும் பெட்டி பழைய அட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடும். முதலெழுத்தோடு எழுதும் நம் பெயர்களை 'முதற்பெயர், குடும்பப்பெயர்' என்று பிரிக்கச் சொல்லும் படிவத்தில் அவர் என்ன தட்டுகிறார் என்றும் பாருங்கள். பார்த்ததைக் குறிக்கலாம், யாருடைய அட்டையையும் படமெடுத்து வேலைக் குழுவில் போடக் கூடாது.

வெளியிடும் திகதியைத் தள்ளிப்போட முடியாதவர்கள், வீட்டாரும் கூட்டாளிகளும் அல்லாத மூன்று பேரையாவது இந்தக் கிழமைக்குள் போய்ப் பாருங்கள்.