முதுகெலும்பு வைத்தியர் எவ்வளவு சம்பாதிக்கிறார்?



செம்பனைக் குலையைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களும், பால் வாளி சுமந்து முதுகு வளைந்தவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. முன்பெல்லாம் வலி வந்தால் தோட்டத்து டிரசரிடம் தைலம் வாங்கிப் பூசினோம். அதற்கும் கேட்காவிட்டால் லயத்திலே சுளுக்கு எடுக்கத் தெரிந்த பாட்டி இருப்பார். இப்போது பிள்ளைகள் பட்டணத்தில் வேலை செய்கிறார்கள். “பினாங்கிலே கைரோபிராக்டர் இருக்கார் அப்பா, ரெண்டு தட்டு தட்டினா சரியாப் போயிடும்” என்று அழைத்துக்கொண்டு போகிறார்கள். போய் வந்தவர்கள் முதலில் பேசுவது வலியைப் பற்றியல்ல, பில்லைப் பற்றித்தான். “பத்து நிமிஷம்தான் தொட்டாரு, அதுக்கு இவ்வளவு காசா? அப்படின்னா மாசம் எவ்வளவு சம்பாதிப்பாரு?”

நியாயமான கேள்வி. அவருடைய வருமானம் நம் பையிலிருந்து போவதால், அதைத் தெரிந்துகொள்வதும் நம் ஆரோக்கியத்தைச் சேர்ந்த விஷயந்தான்.

முதலில் அவர் யார் என்று பார்ப்போம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் சட்டென்று தள்ளியும் வைத்தியம் செய்பவர் கைரோபிராக்டர். 1895-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் பாமர் என்பவர் தொடங்கிய முறை இது. இவர் நம் ஆஸ்பத்திரி டாக்டரைப் போன்றவர் அல்லர். மலேசியாவில் இவர் மருந்து எழுதித் தருவதில்லை, அறுவை சிகிச்சையும் செய்வதில்லை. ஒரு காலத்தில் இதைப் படிக்க அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகவேண்டும். 2010-இல் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகம் இதற்கு நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் அங்கீகரித்த ஏழு துறைகளில் கைரோபிராக்டிக்கும் ஒன்று. சித்தம், ஆயுர்வேதம் அடங்கிய இந்திய மருத்துவமும் அந்த ஏழில் உண்டு.

இனி காசுக்கு வருவோம். அமெரிக்க அரசாங்கத்தின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023 மே மாதத்துக்குக் கொடுத்த கணக்குப்படி, அந்நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் கைரோபிராக்டர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஆண்டு வருமானம் 76,530 டாலர். அன்றைய மாற்று விலையில் மாதத்துக்கு 28,000 வெள்ளியைத் தாண்டும். அதைக் கேட்டு மலைத்துப் போகவேண்டாம். அங்கே பல நோயாளிகளுக்குக் காப்புறுதி பணம் கட்டுகிறது. முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியும் முதுகெலும்பை நேராக்கும் வைத்தியத்துக்கு ஒரு பங்கு கொடுக்கிறது. இங்கே பெரும்பாலும் நோயாளிதான் கையை விட்டுக் கொடுக்கவேண்டும். ஆகவே யார் கையில் காசு இருக்கிறதோ அந்த ஊரில்தான் கைரோபிராக்டர் கடை போடுவார். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, பினாங்கு என்று பட்டணங்களில் அவர்கள் கூடியிருப்பதன் ரகசியம் இதுதான்.

இந்நாட்டில் “கைரோபிராக்டர் சம்பளம் இவ்வளவு” என்று ஒரே எண்ணைச் சொல்வது சரியாகாது. ஒருவர் இன்னொருவருடைய நிலையத்தில் வேலைக்கு இருப்பார். அவருக்கு அடிப்படைச் சம்பளமும், பார்த்த நோயாளிக்கு ஏற்பக் கமிஷனும் கிடைக்கலாம். நமக்குப் புரியாத முறையல்ல அது. வெட்டிய குலைக்கு ஏற்பக் கூலி வாங்குகிறவர்கள்தானே நாம்! இன்னொருவர் சொந்தமாக நிலையம் வைத்திருப்பார். அவருடைய கணக்கு மளிகைக் கடைக்காரர் கணக்கு மாதிரி.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இவை என் கற்பனை எண்கள். கணக்கு ஓடும் விதம் புரிவதற்காக மட்டுமே. ஜோர்ஜ் டவுனில் ஒருவர் தலைக்கு 130 வெள்ளி வாங்குகிறார். நாளைக்கு 12 பேர், மாதத்தில் 25 நாள். மொத்தம் 39,000 வெள்ளி. கடை வாடகை, பெயர் பதியும் பெண், விளம்பரம், கட்டில் வாங்கிய கடன் என்று பாதி போனாலும் 19,500 மிஞ்சும். அதே ஆள், அதே கை, அதே படிப்பு. அவரை நம் செர்டாங் கடைத்தெருவில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். 130 கேட்டால் யாரும் வரமாட்டார்கள். 60 வெள்ளிக்கு இறக்குகிறார். நாளைக்கு மூன்று பேர் வந்தால் மாதம் 4,500 வெள்ளி. வாடகை 1,200, உதவிக்கு வைத்த பெண்ணுக்கு 1,700 போனால் கையில் 1,600. அந்தப் பெண்ணின் சம்பளத்தைவிட முதலாளிக்கு 100 வெள்ளி குறைச்சல்! பண்டார் பாரு பக்கம் அவர் வராததற்கு அவர்மேல் கோபித்துக்கொள்ள முடியுமா?

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. 130-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் கைத்திறமையின் வித்தியாசம் அன்று. அது பெரும்பாலும் தெருவின் விலை. பளபளவென்ற கண்ணாடிக் கதவுக்கும் குளிர்சாதனத்துக்கும் சேர்த்தே நாம் கட்டுகிறோம். விலை கூடினால் வைத்தியம் கூடும் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடம் கொஞ்சம் அதிகம்.

பட்டணத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரே வட்டாரத்தில் பல நிலையங்கள் வந்துவிட்டால் நோயாளிகள் பிரிந்து போவார்கள். வந்தவரைத் திரும்பத் திரும்ப வரவைத்தால்தான் வாடகை கட்ட முடியும். அங்கேதான் ‘பேக்கேஜ்’ பிறக்கிறது. “பன்னிரண்டு தடவை வரணும், முன்கூட்டியே கட்டினா கழிவு உண்டு” என்பார்கள். நேர்மையாகச் சொல்பவர்களும் உண்டு. எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஆனால் நம் கணக்கைப் பாருங்கள். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. 130 வெள்ளி என்றால் இரண்டு நாள் வியர்வை. பன்னிரண்டு தடவைக்கு 1,560 வெள்ளி. அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிய 140 வெள்ளிதான் மிஞ்சும்.

சரி, அந்தக் காசுக்குத் தகுந்த பலன் உண்டா? உண்டு, ஆனால் ஓர் அளவோடு. 2011-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதுகெலும்பைத் தள்ளும் வைத்தியம், உடற்பயிற்சி முதலான மற்ற சிகிச்சைகளைவிடச் சொல்லத்தக்க அளவுக்கு மேலானது அல்ல என்று கண்டது. மோசமும் அல்ல. புதிதாகப் பிடித்துக்கொண்ட இடுப்பு பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். படுத்தே கிடப்பதைவிட முடிந்தவரை நடமாடுவது நல்லது. எடுத்த எடுப்பிலே எக்ஸ்ரே எடுப்பதும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. கழுத்தைத் திடீரென்று திருகுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அரிதாக ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது உண்டு. “கழுத்தைத் திருகவேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பட்டணத்துக்குப் புறப்படுமுன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாவட்டத்திலுள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு டாக்டரைப் பார்க்க 1 வெள்ளிதான். அவர் கடிதம் கொடுத்தால் கூலிம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கலாம். இடுப்புக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டிலே பாய் விரித்துத் தினம் செய்யலாம், காசில்லை. உருவி விடுவதில்தான் சுகம் என்பவர்களுக்கு, பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் 2007-இல் தொடங்கிய பாரம்பரிய மருத்துவப் பிரிவு உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதுதான் முதலாவது. நாள்பட்ட வலிக்கு மலாய் முறை உருவுதலும் ஊசிக் குத்தும் அங்கே வந்தன. அதற்கும் டாக்டரின் கடிதத்தோடு போவதே முறை.

கைரோபிராக்டரிடமோ சுளுக்கு எடுப்பவரிடமோ போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரமும் உண்டு. இடுப்பு வலியோடு கால் தொய்ந்து போனாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோயோ காசநோயோ இருந்தது, மரத்திலிருந்தோ லோரியிலிருந்தோ விழுந்தது, இவற்றோடு வரும் முதுகு வலியையும் டாக்டர் பார்த்தாகவேண்டும். எலும்பு முறிந்திருக்கும் முதுகைத் தட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

சில பெற்றோர் கேட்கிறார்கள், “மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா?” என்று. தாராளமாக, மகளுக்கு விருப்பம் இருந்தால். ஆனால் படித்து முடித்ததும் தோட்டத்துப் பக்கம் வேலை இருக்கும் என்று எண்ணவேண்டாம். பட்டணத்தில் தனியார் நிலையம்தான் பெரும்பாலும் வழி. பிசியோதெரபிக்காரருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பதவியும் சம்பள ஏணியும் உண்டு. மகள் வீட்டோடு இருந்து வேலை பார்க்கவேண்டும் என்று நினைப்பவர்கள் இதையும் எடை போடுங்கள்.

கடைசியாக, நம் சங்கத்துக் காரியாலயத்துக்கு அடிக்கடி வரும் சிக்கல். கைரோபிராக்டர் கொடுக்கும் கடிதம் எம்.சி. ஆகாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு எடுக்க, பதிவு பெற்ற டாக்டரின் சான்று வேண்டும். வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து அந்த விடுப்பு 14, 18 அல்லது 22 நாள். வேலையிலே இடுப்பு ஒடிந்தால் அது சொக்சோ சம்பந்தப்பட்டது. அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். டாக்டர் நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்திருந்தால், நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோ தரும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பிக்கும் சொல்லுங்கள். முதலில் பட்டணம் போய்த் தட்டிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து ஆபீசில் சொன்னால், “வேலையிலேதான் அடிபட்டதா?” என்று கேட்பார்கள். கிளினிக் சீட்டு, தேதி, அப்போது கூட இருந்தவர் பெயர் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தோட்டக் கமிட்டித் தலைவரைப் பாருங்கள்.