பேஸ் கிடாரில் யார் பெரியவர்?

சங்கத்தின் பொங்கல் விழாவுக்காக நம் பிள்ளைகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் தேநீர் வந்தது. கூடவே ஒரு சண்டையும் வந்தது. உலகிலேயே சிறந்த பேஸ் கிடார் கலைஞர் யார் என்பதுதான் விவாதம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி என்றான் ஒருவன். ஜேக்கோ பாஸ்டோரியஸுக்குப் பிறகுதான் மற்றவர்கள் என்றான் இன்னொருவன். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ஏன், நம்ம மும்பை மோகினி டே இல்லையா?" என்று கேட்டாள். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "அங்கிள், நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

நான் வாய் திறக்குமுன் ஒரு பையனின் தாயார் குறுக்கிட்டார். "தீர்ப்பு அப்புறம் இருக்கட்டும் சார். என் பையன் ஒரு வருஷமா இதை வாசிக்கிறான். பாட்டுல இவன் சத்தம் எதுன்னே எனக்குத் தெரியலை. அதை முதல்ல சொல்லுங்க."

அந்தத் தாய் கேட்டதுதான் முதல் கேள்வி. ஒரு வாத்தியம் என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல், அதில் யார் பெரியவர் என்று எப்படி முடிவு செய்வது? அன்று அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் எழுதுகிறேன்.

வாத்தியம்

ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம்தான் மேற்கத்தியக் குழுக்களில் அடிநாதத்தை வாசித்து வந்தது. அதைத் தூக்கிச் செல்வதும் கஷ்டம். டிரம்ஸ் சத்தத்தில் அது காதில் விழுவதும் கஷ்டம். 1951இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர், தோளில் மாட்டி மின்சாரத்தில் ஒலிக்கும்படியான பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் இருப்பதுபோல இதிலும் மெட்டுகள் உண்டு. எனவே சுருதி பிசகாது. சாதாரண கிடாரில் 6 தந்திகள். இதில் பெரும்பாலும் 4. ஒலியோ ஒரு ஸ்தாயி கீழே.

மிகக் கீழ்த் தந்தியின் அதிர்வு வினாடிக்குச் சுமார் 41 தடவை. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர இயலாது. மகன் வாசித்ததை அந்த அம்மா கைபேசியில்தான் கேட்டிருக்கிறார்! குறை அவர் காதில் இல்லை.

அதன் வேலை

மிருதங்கக் கச்சேரியில் நம் கவனம் வலந்தலையில்தான் இருக்கும். தொப்பி ஒலிக்காவிட்டாலோ ஏதோ குறைகிறது என்று உடனே உணர்வோம். டிரம்ஸோடு சேர்ந்து தாளத்துக்கு அந்தக் கனத்தைத் தருவது பேஸின் முதல் வேலை.

இரண்டாவது வேலை சுருதியைச் சார்ந்தது. நம் கர்நாடக சங்கீதத்தில் ஆதார ஷட்ஜம் நகராது. தம்புரா அதையே ஒலித்துக்கொண்டிருக்கும். மேற்கத்திய இசையில் அடித்தளம் நகரும். அதை நகர்த்துவது பெரும்பாலும் பேஸ்தான்.

கீபோர்டு இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வலது கையால் மேல் ஸ்தாயி 'ஸ'வை விடாமல் அழுத்திக்கொள்ளுங்கள். இடது கையால் கீழே அதே 'ஸ'வைச் சேருங்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பது போன்ற நிம்மதி தெரியும். இப்போது கீழ் 'ஸ'வை விட்டுச் சதுஸ்ருதி தைவதத்தைத் தொடுங்கள். அதே மேல் 'ஸ' சற்று ஏக்கமாக ஒலிக்கும். பிறகு சுத்த மத்யமம். மீண்டும் குணம் மாறும். பாடுபவர் ஸ்வரத்தை மாற்றவே இல்லை. அதன் பொருளைக் கீழிருந்து ஒருவர் மாற்றிவிட்டார். அவர்தான் பேஸ் கலைஞர்.

விவாதத்தில் வரும் பெயர்கள்

பால் மெக்கார்ட்னி விரும்பி பேஸுக்கு வந்தவர் அல்ல. 1961இல் குழுவின் பேஸ் கலைஞர் விலகியபோது வேறு யாரும் ஏற்காததால் அவர் ஏற்றார். ஆனால் பாடலுக்குள்ளே இன்னொரு பாடல்போல பேஸை ஓடவிட்டுக் காட்டினார்.

ஜேக்கோ பாஸ்டோரியஸ் (1951-1987) மெட்டுகள் நீக்கப்பட்ட பேஸை வாசித்தார். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஸ்வரம் வழுக்கும், குழையும், பாடும். 1976இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டுக்குப் பிறகு, பேஸால் தனிக் கச்சேரியே செய்யலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. மனநோயும் போதையும் வாட்ட, 35 வயதில் மறைந்தார்.

மூன்றாமவர் பெயரை நம் பிள்ளைகள் யாருமே சொல்லவில்லை. அவர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983). டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்தவர். ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, சுப்ரீம்ஸ் ஆகியோரின் புகழ்பெற்ற பாடல்களில் கேட்கும் பேஸ் பெரும்பாலும் இவருடையது. வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியை மீட்டினார். உலகமே அந்தப் பாடல்களுக்கு ஆடியது. ஆனால் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல்தான் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில் அச்சாயிற்று. 1983இல் அந்த நிறுவனத்தின் 25 ஆண்டு விழா நடந்தபோது, மேடைக்கு அழைக்கப்படாமல், வெளியே டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராக உட்கார்ந்திருந்தார் என்று சொல்கிறார்கள். சில மாதங்களில் காலமானார். தம்மைக் கவர்ந்த பேஸ் கலைஞர் என்று மெக்கார்ட்னி சொன்னது இவரைத்தான்.

பெயர் போடாததால் வந்த வினை இன்னொன்றும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்த பெண்மணி கரோல் கே. மோடவுன் பாடல்கள் சிலவற்றில் வாசித்தது தாமே என்று அவர் கூறினார். ஜேமர்சனை அறிந்தவர்கள் மறுத்தார்கள். உறையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்த வழக்கே எழுந்திராது.

எந்த அளவுகோல்?

'ரோலிங் ஸ்டோன்' என்ற அமெரிக்கப் பத்திரிகை 2011இல் வாசகர்களைக் கேட்டது. அவர்கள் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விஸிலுக்கு முதலிடம் தந்தார்கள். 2020இல் அதே பத்திரிகை தானே பட்டியல் தயாரித்தபோது முதலிடம் ஜேமர்சனுக்கு. மேடையில் முன்னால் தெரிந்தவரை வாசகர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். பின்னால் நின்றவரைத் தேடிப் பார்த்தவர்கள் கண்டெடுத்தார்கள்.

வேகம் ஓர் அளவுகோல். புதுமை இன்னொன்று. என் அளவுகோல் வேறு: அவர் வாசிப்பை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? அவருக்குப் பின் வந்தவர்கள் வாசிக்கும் விதம் மாறியதா? இந்த இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்பவர் ஜேமர்சன் என்பது என் துணிபு. ஜேக்கோ கட்சிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்!

நம் பாடல்களில்

இது நமக்கும் அந்நியமான விஷயம் அல்ல. இளையராஜா பேஸ் கிடாருக்கென்று தனியே ஸ்வரங்களை எழுதித் தருபவர். 1980களின் அவருடைய பாடல்களில் பேஸ் மட்டுமே தனி மெட்டாக ஓடும் இடங்கள் பல. ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களில் பேஸ் வாசித்தவர் சென்னையின் கீத் பீட்டர்ஸ். நம் வீட்டுப் பழைய கேசட் உறைகளை எடுத்துப் பாருங்கள். பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் பெரும்பாலும் இராது. வாத்தியக் கலைஞர்கள் பெயரையும் ரஹ்மான் அச்சிட வைத்தது நல்ல மாற்றம்.

அன்று பாடம் முடிந்ததும் பிள்ளைகள் அதே பாட்டை இரண்டு முறை வாசித்தார்கள். முதலில் பேஸ் இல்லாமல், பிறகு பேஸோடு. இரண்டாம் முறை நான்காவது வரியிலேயே அந்தத் தாயார் கையைத் தூக்கினார். "இதோ, இதுதானே? இப்பக் கேக்குது!" பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். யார் பெரியவர் என்று அதற்குப் பின் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் செய்து பார்க்க

1. பிடித்த இளையராஜா பாடல் ஒன்றைக் காதில் ஒலிவாங்கும் கருவி மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை பாட்டு. இரண்டாம் தடவை பேஸ் மட்டும்.

2. பாட்டை விட்டு, பேஸ் செல்லும் வழியை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள்.

3. அந்தப் பாட்டில் வாசித்தவர்கள் யார் என்று குடும்பத்தோடு தேடுங்கள். பெயர் கிடைத்தால் குறித்து வையுங்கள்.