சுக்னா ஏரியும் சுகோமாஜ்ரி கிராமமும்

சண்டிகர் வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சுக்னா ஏரியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் அது. ஆனால் அந்த ஏரியைக் காத்ததில் ஒரு சிறு கிராமத்துக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளும் அறிய வேண்டிய பாடம் இது.

மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் வரும் ஓடையை இப்பகுதியில் 'சோ' என்பார்கள். சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் சுக்னா சோவைத் தடுத்து 1958-ல் ஏரியை அமைத்தார்கள். சிவாலிக் மண் எளிதில் கரையும் மண். ரயில்வேயில் மண்கரைகளைப் பராமரித்த அனுபவத்தில் சொல்கிறேன்: புல் பிடித்த கரையில் மழைநீர் வழிந்து போய்விடும், புல் இல்லாத கரையையோ ஒரே மழைக்காலம் அறுத்துத் தள்ளிவிடும். குன்றுகளிலும் அதுவே நடந்தது. மரம் வெட்டியும் ஆடு மேய்த்தும் மொட்டையான சரிவுகளிலிருந்து வண்டல் வந்து குவிந்து, இருபது ஆண்டுகளுக்குள் ஏரி வெகுவாகத் தூர்ந்துபோனது. தூர் வாரலாம், வாரியும் இருக்கிறார்கள். ஆனால் மேலிருந்து மண் வரும் வரை அது முடிகிற வேலை அல்ல.

1970-களில் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகர் மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ராவும் அவர் குழுவினரும் இந்த மண் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். தேடல் அவர்களைச் சுகோமாஜ்ரியில் கொண்டு சேர்த்தது. அங்கே சுமார் 60 குடும்பங்கள். வானம் பார்த்த பூமி. விளைச்சல் போதாததால் ஆடு வளர்த்தார்கள். ஆட்டுக்கு மேய்ச்சல் மலையில்தான்.

மேய்க்கக் கூடாது என்று தடை போட்டால் போதுமா? ஏரியால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. பட்டணத்தார் படகு விட வேண்டும் என்பதற்காக மலையடிவாரத்துக்காரர் பட்டினி கிடப்பாரா?

1976-ல் கிராமத்தருகே ஒரு சிறிய மண் அணை கட்டினார்கள். மண் அரிப்பைத் தடுப்பதே முதல் நோக்கம். ஆனால் அதில் தேங்கிய நீர் கோதுமைப் பயிருக்குப் பாய்ந்தபோது கிராமத்தார் கணக்கே மாறியது. மலையில் ஆடு மேய்ந்தால் நம் அணையே தூர்ந்துவிடும் என்று கண்டுகொண்டார்கள். காவலாளி இல்லாமலே மேய்ச்சல் குறைந்தது.

உடனே ஒரு சிக்கல் எழுந்தது. நிலம் உள்ளவருக்குத்தான் நீர் என்றால் நிலமற்றவர் ஏன் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்? அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சம பங்கு என்று முடிவு செய்தார்கள். நிலமில்லாதவர் தம் பங்கை மற்றவருக்கு விற்கலாம். இதை நடத்தக் கிராமச் சங்கம் அமைந்தது. கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் பயன்படும் பாபர் புல்லை அறுக்கும் உரிமையை ஹரியானா வனத்துறை அந்தச் சங்கத்துக்குக் குத்தகையாகக் கொடுத்தது. ஆடுகள் குறைந்தன, தொழுவத்தில் எருமைகள் பெருகின, பால் விற்பனை கூடியது. ஏரிக்கு வரும் வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

கடல் கடந்து நியூயார்க் மாநகரமும் இதே கணக்கைத்தான் போட்டது. பெரும் செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதைத் தவிர்க்க, நீர்ப்பிடிப்புப் பகுதி விவசாயிகளின் பண்ணைகளில் சாணக்கழிவு ஓடையில் கலக்காமலிருக்கும் ஏற்பாடுகளுக்கு நகரமே பணம் கொடுத்தது. 1997-ல் இதற்கான பெரிய உடன்படிக்கை கையெழுத்தானது. ஓடைக்கரை நிலத்தை உழாமல், மேய்க்காமல் விடும் விவசாயிக்கு அங்கே அரசு வாடகையும் தருகிறது.

இவற்றிலிருந்து நாம் அறிவது மூன்று. ஒன்று, நீரைக் காக்கும் வேலை நீர் தேங்கும் இடத்தில் அல்ல, மேட்டு நிலத்தில் தொடங்குகிறது. இரண்டு, அங்கே உழைப்பவருக்குக் கையில் பலன் கிடைக்க வேண்டும். ஏழைக்கும் பங்கு வேண்டும். மூன்று, அந்தப் பலன் நீடிக்க வேண்டும். சுகோமாஜ்ரியிலும் பிற்காலத்தில் அணைகளில் மண் சேர்ந்தது. சங்கத்தின் வருமானம் குறைந்தபோது பழைய உற்சாகமும் குறைந்தது.

நம் ஊர்க் கண்மாயைத் தூர் வாரப் பணம் திரட்டும்போது நாமும் கொடுப்போம். கூடவே, மேட்டில் உழுபவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்றும் கேட்போம்.