மணல் சொல்லும் செய்தி

ஒடிசா மாநிலத்தில் உள்ள பூரி நகரின் கடற்கரையில் கல் இல்லாமலே சிற்பங்கள் எழுகின்றன. சிற்பி ஈரமணலைக் குவிப்பார். நீர் தெளித்து இறுக்குவார். பின்னர் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்குவார். கீழ்ப்பகுதியை முதலில் செதுக்கினால், மேலிருந்து உதிரும் மணல் அதனைக் கெடுத்துவிடும்.

இக்கலையில் புகழ்பெற்றவர் சுதர்சன் பட்நாயக். சிறுவயதில் பூரிக் கடற்கரையில் மணலால் உருவங்கள் செய்யத் தொடங்கிய அவருக்கு, இந்திய அரசு 2014ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கியது. புவி வெப்பமடைதலையும் கடலாமைகளின் துன்பத்தையும் அவர் பலமுறை மணலில் வடித்திருக்கிறார். கடலாமையைப் பற்றிச் சொல்ல மணல் மிகவும் பொருத்தமானது. ஏனெனில், கடலாமையின் வாழ்வு மணலில்தான் தொடங்குகிறது.

மணலே தொட்டில்

ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா ஆகிய கரைகளில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் பெருங்கூட்டமாக வந்து முட்டையிடுகின்றன. சில ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் இருக்கும். இவ்வாமையைத் தமிழில் பங்குனி ஆமை என்பர். தை முதல் பங்குனி வரை சென்னைக் கடற்கரையிலும் இவை இரவில் கரையேறும்.

பெண் ஆமை பின்துடுப்புகளால் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இடும். அவற்றை மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தாய் அடைகாப்பதில்லை. மணலின் வெப்பத்திலேயே கரு வளர்ந்து, 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன.

குஞ்சு ஆணா, பெண்ணா என்பதையும் அம்மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 29 அல்லது 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால், ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். மணல் அதைவிடக் குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும்; வெப்பம் ஏறினால் பெண் குஞ்சுகள் மிகும். வெப்பம் அளவு கடந்தால் முட்டைக்குள்ளேயே கரு இறந்துவிடும்.

நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு பெருகுகிறது, புவி வெப்பமடைகிறது, கடற்கரை மணலும் சூடாகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த பேராமைகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். இளம் ஆமைகளுள் ஏறத்தாழ 99 விழுக்காடு பெண் ஆமைகளே என்று 2018ஆம் ஆண்டு அறிவித்தனர். ஆண் ஆமைகள் இவ்வாறு குறைந்துகொண்டே போனால், பின்வரும் தலைமுறைகள் எவ்வாறு தோன்றும்?

கலையின் பணி

இத்துன்பம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. முட்டைகள் மணலுக்கு அடியில் இருக்கின்றன. வெப்பத்திற்கு உருவம் இல்லை. குஞ்சின் வெளித்தோற்றத்தைக் கொண்டு அது ஆணா, பெண்ணா என்று அறியவும் இயலாது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கடலை நோக்கி விரையும்போது, காண்பவர் மகிழ்ச்சியே அடைவர். அக்காட்சிக்குள் மறைந்திருக்கும் இடரை வெளிப்படுத்தவே கலைஞர் தேவைப்படுகிறார். அறிவியல் எண்களால் கூறுவதை அவர் உருவமாக்கி, வழியே செல்வோரையும் நின்று பார்க்கச் செய்கிறார்.

மணற்சிற்பம் நெடுநாள் நிற்பதில்லை. காற்றும் அலையும் அதனைக் கரைத்துவிடும். அச்சிற்பத்தால் ஒரு முட்டையைக்கூடக் காக்க இயலாது. காக்க வேண்டியவர்கள் அதனைக் கண்டவர்களே. சென்னையில் மாணவர் குழுவினர் 1988 முதல், ஆமைகள் முட்டையிடும் காலத்தில் இரவுதோறும் கடற்கரையில் நடந்து முட்டைகளைத் தேடுகின்றனர்; அவற்றைப் பொரிப்பகத்தில் சேர்த்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். மணல் மிகவும் சூடாகாதிருக்கப் பொரிப்பகங்களில் நிழற்கூரை அமைப்பதும் உண்டு. சிற்பியின் கை மணலில் காட்டிய அன்பையே இவர்களுடைய கைகள் செயலில் காட்டுகின்றன.

சொற்பொருள்
வடித்தல் – உருவாக்குதல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு, சதவீதம்
இடர் – துன்பம், ஆபத்து
பொரிப்பகம் – முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் இடம்

வினாக்கள்
1. மணற்சிற்பத்தை மேலிருந்து கீழாகச் செதுக்குவது ஏன்?
2. மணலின் வெப்பம் ஆமைக் குஞ்சுகளை எவ்வாறு பாதிக்கிறது?
3. ‘காக்க வேண்டியவர்கள் அதனைக் கண்டவர்களே’ – இத்தொடரின் பொருளை விளக்குக.

செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரில் கடும் வெயிலால் துன்புறும் ஒரு பறவையையோ விலங்கையோ உற்றுநோக்குக. அதனைக் களிமண்ணாலோ கோலமாவாலோ உருவாக்குக. அதன் துன்பம் யாது, நாம் செய்யத்தக்கது யாது என்பதை ஐந்து தொடர்களில் எழுதி, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுக.