கொல்லைப்புறத்து வெள்ளை மாவு

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளுக்குக் காலை வேளையில் சென்றால், பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழைகளைச் சரிசெய்து கொண்டிருப்பதைக் காணலாம். அத்தகைய வீடு ஒன்றின் கொல்லைப்புறத்துக்குப் போவோம். நாலு கத்தரிச் செடி, பூசைக்கு ஒரு செம்பருத்தி, கிணற்றடியில் ஒரு பப்பாளி மரம். பப்பாளி இலையின் அடிப்பக்கத்தில் யாரோ அரிசி மாவைத் தூவியது போல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. செம்பருத்தியின் நுனி சுருண்டு விட்டது. தொட்டால் கை பிசுபிசுக்கிறது. தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்குகின்றன.

“கடையில் ஒரு மருந்து வாங்கி அடித்துவிடு, எல்லாம் செத்துப் போகும்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அடிக்கலாமா? விடை கூறுமுன் அந்த மாவைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்துவிடுவோம்.

மாவுக்குள் ஒரு பூச்சி

அது மாவு அன்று; மெழுகு. மெழுகுப் பொடியைப் போர்த்திக்கொண்டு, ஊசி போன்ற வாயை இலைக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி அது. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. பஞ்சு போன்ற ஒரு பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி. வேண்டாத சர்க்கரையைப் பாகு போல வெளியேற்றி விடுகிறது. கையில் பிசுபிசுப்பது அதுதான். அதன்மேல் கரும்பூஞ்சணம் வளர்ந்து இலை கறுக்கும். அந்தப் பாகுக்காகவே எறும்புகள் வருகின்றன. வருவதோடு நில்லாமல், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பிற பூச்சிகளையும் விரட்டுகின்றன. பாலுக்காக மாட்டைக் காப்பது போலத்தான்.

மெழுகுப் போர்வையின் மேல் மருந்துத் துளி விழுந்தால், தாமரை இலைத் தண்ணீர் போல் உருண்டு ஓடிவிடும். பைக்குள் இருக்கும் முட்டைக்கோ ஒன்றும் ஆகாது.

தறி வரை வந்த தொல்லை

மாவுப்பூச்சிகளில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டதன்று. மெக்சிகோப் பகுதியைச் சேர்ந்தது. 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. விரைவிலேயே தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் பரவி, பப்பாளி மட்டுமன்றி மரவள்ளி, கத்தரி, செம்பருத்தி, மல்பெரி என்று கண்ட செடியில் எல்லாம் ஏறியது.

மல்பெரிதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது. பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்றே வளர்கிறது. அது ஒரு கூட்டுக்கு நூற்கும் ஒரே இழை பல நூறு மீட்டர் நீளமிருக்கும். அந்த இழைகளைச் சேர்த்து முறுக்கித்தான் காஞ்சிபுரத்துத் தறிக்கு நூல் வருகிறது. மாவுப்பூச்சி ஏறிய மல்பெரி இலை சுருண்டு, புழுவுக்கு உதவாமல் போயிற்று. சரி, மருந்து அடிக்கலாம் என்றால், பட்டுப்புழுவும் ஒரு பூச்சியின் குழந்தைதானே! நஞ்சு பட்ட இலையைத் தின்றால் அதுவும் சாகும். அடித்தால் புழு போகும். அடிக்காவிட்டால் இலை போகும். இந்த இக்கட்டில் மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கியவர்களும் உண்டு.

பகைவனுக்குப் பகைவன்

விளக்கடியில் பல்லி பூச்சி பிடிப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். (வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்து, வீட்டுப் பல்லியைத் துடைப்பத்தால் அடிப்பவர்களை நான் அறிவேன்!) ஒவ்வொரு பூச்சிக்கும் இப்படி இயற்கையான எதிரிகள் உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த மாவுப்பூச்சி, தன் எதிரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. இங்கே அது பெருகியதற்கு அதுவே முதற்காரணம். அப்படியானால் அந்த எதிரியையும் வரவழைத்தால் என்ன?

இது புதிய எண்ணமன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பஞ்சுப்பூச்சி கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்தபோது, 1888-இல் ஆல்பர்ட் கோபல் என்பவர் ஆஸ்திரேலியாவுக்கே சென்று, அதன் எதிரியான ஒரு பொறிவண்டைத் தேடி அனுப்பினார். தோட்டங்கள் பிழைத்தன.

நம் விஞ்ஞானிகளும் 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தனர். பெங்களூரில் அவற்றைத் தனிமையில் வைத்துச் சோதித்தனர். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைக் குளவிக்கு இரையாக்கிப் பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் மூலம் தோட்டங்களில் விட்டனர். மூன்றில் பெரிதும் வென்றது அசரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. குளவி என்றதும் அஞ்ச வேண்டாம். அது ஒரு மில்லிமீட்டரை விடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பு நிறக் கூடாகிவிட, அதில் துளையிட்டுக் கொண்டு புதிய குளவி வெளிவரும். சில மாதங்களில் தோட்டங்கள் மீண்டும் பசுமையாயின.

இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு விடை கூறலாம். மாவுப்பூச்சி மெழுகுக்குள் இருக்கிறது. குளவி வெளியே திரிகிறது. நஞ்சு அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

எனவே, முதலில் எறும்பு ஏறும் வழியை அடையுங்கள். மிகுதியாகப் பாதித்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். மற்ற இலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீச்சி அடியுங்கள். போதாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, பூச்சி உள்ள இடத்தில் மட்டும் மாலையில் தெளிக்கலாம். வேப்பெண்ணெய் எதையும் கொல்லாது என்று எண்ணிச் செடி முழுவதையும் நனைத்துவிடாதீர்கள்.

நசுக்குமுன் ஒருமுறை பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதே வெள்ளைப் பொடியைப் பூசிக்கொண்டு சற்றுப் பெரிய புழு ஒன்று நகர்ந்தால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவாகவோ, ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவாகவோ இருக்கலாம். அந்த வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைத் திருப்பிப் பாருங்கள். குரங்கு முகம் தெரியும்!

செய்து பாருங்கள்

பழுப்பாக உப்பிய மாவுப்பூச்சிகள் உள்ள இலைத்துண்டை ஓர் அகன்ற வாய்ப் புட்டியில் இடுங்கள். வாயை நெருக்கமாக நெய்த துணியால் கட்டுங்கள். கொசுவலை உதவாது, குளவி நுழைந்து போய்விடும். பட்டுத் துணித் துண்டு கிடைத்தால் மிக நல்லது. நாள்தோறும் பார்த்து, புள்ளி போன்ற குளவிகள் எத்தனை வெளிவந்தன என்று குறித்துக் கொள்ளுங்கள். எண்ணி முடித்ததும் அதே செடியின் அடியில் கொண்டு போய்த் துணியை அவிழ்த்துவிடுங்கள்.