குறுந்தொடுப்பு: நம்புவதும் நடப்பதும்

கற்பிட்டிக் குடாநாட்டின் கண்டக்குழியில் பலருக்கும் காற்றை வைத்துத்தான் பிழைப்பு. மே முதல் ஒக்டோபர் வரை அடிக்கும் தென்மேல் காற்றை நம்பி கைட் சர்ஃபிங் ஆட்கள் வருகிறார்கள். அதே காற்றைப் பார்த்துத்தான் மீனவர் வள்ளம் இறக்குகிறார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்பு, விடுதிக்கு வழிகாட்டும் வரைபடம் என அடிக்கடி திறக்கும் பக்கங்களின் நீண்ட முகவரியைச் சுருக்கி, நினைவில் நிற்கும் பெயரில் குறுந்தொடுப்பு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் அதைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் உண்டு.

"சுருக்கினால் டேட்டா மிச்சம், பக்கமும் வேகமாக வரும்." வராது. குறுந்தொடுப்பு முதலில் அதைச் சுருக்கித் தந்த நிறுவனத்திடம் போகிறது. அங்கே உண்மையான முகவரியை வாங்கிக்கொண்டுதான் பக்கத்துக்குப் போகிறது. மிச்சமாவது தட்டச்சு வேலை மட்டுமே.

"ஒருமுறை செய்தால் என்றைக்கும் இருக்கும்." மிகுந்த கெடுதல் செய்வது இந்த நம்பிக்கைதான். கூகுள் 2009இல் தொடங்கிய சுருக்கச் சேவை 2019 மார்ச்சில் புதிய தொடுப்புகளை நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 25உடன் பழையவையும் செயலிழக்கும் என்று 2024இல் அறிவித்தது. பிறகு மனம் மாறி, 2024 இறுதியில் யாரும் தொடாதவற்றை மட்டும் நீக்குவதாகச் சொன்னது. கூகுளே இப்படியென்றால் சிறு நிறுவனங்களை என்ன சொல்வது! பிட்.லி என்ற சுருக்கச் சேவையின் பெயர் இறுதியிலுள்ள 'லி' லிபியா நாட்டுக்குரியது. அதே ஈற்றைக் கொண்ட வேறொரு சுருக்கச் சேவையின் பெயரை, தம் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று லிபியப் பதிவகம் 2010இல் பறித்தது. அதில் செய்த தொடுப்புகள் எல்லாம் அன்றோடு போயின.

"நமக்கு மட்டும் தெரிந்த பெயர், வேறு யாருக்கும் அகப்படாது." அகப்படும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் ஆய்வாளர் இருவர், ஐந்தாறு எழுத்துக் குறுந்தொடுப்புகளைக் கணினியால் எழுந்தமானமாக முயன்றுபார்த்தே பிறர் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்தில் வைத்த கோப்புகளையும் வரைபட வழிகளையும் கண்டெடுத்தார்கள். அவர்கள் தெரிவித்தபின் கூகுள் தன் வரைபடத் தொடுப்புகளைப் பதினொரு, பன்னிரண்டு எழுத்துகளாக நீட்டியது. விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதியைத் திறந்த கோப்பாக வைத்து, ஊர்ப்பெயரில் குறுந்தொடுப்புக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று விடுதி நடத்துவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

"குறுந்தொடுப்பு என்றாலே மோசடி" என்பாரும் உண்டு. அது போகுமிடத்தை மறைக்கிறது என்பது உண்மை. ஆனால் பிட்.லி தொடுப்பின் இறுதியில் + குறி சேர்த்துத் திறந்தால், எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே காணலாம்.

நாம் மட்டும் பார்க்கும் பக்கத்துக்கு இடைநிறுவனம் எதற்கு? கணினியின் குரோமில் ஒரு சிறு சொல்லை அந்தப் பக்கத்துக்குக் குறுக்குவழியாக வைக்கலாம். போனில் முகப்புத் திரையில் சேர்க்கலாம். ஊருக்குக் காட்டும் பலகையில் எழுதுவதென்றால் .எல்கே ஈற்றுடன் சொந்தப் பெயரொன்றைப் பதிந்து, காலம் தவறாமல் புதுப்பித்து, அதன் கீழ் குறுந்தொடுப்பு வையுங்கள். நாளைக்குப் பக்கம் இடம் மாறினாலும், குறுந்தொடுப்பு போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். பலகையைத் திருப்பி எழுத வேண்டியதில்லை.